உள் தாழ்ப்பாள் இருக்கா?

ஜனவரி 20, 2025, திங்கள் – ஈரோடு

ஈரோட்டில் திங்கட்கிழமை ராத்திரி ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அன்று ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை ஜவுளிச் சந்தை, கேரளா, ஆந்திரா, கர்நாடகம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வியாபாரிகள் வந்து இறங்கிவிடுவார்கள். நாங்களும் அந்தக் கூட்டம்தான். சித்தி மயிலாடுதுறையில் வீட்டு மாடியில் நைட்டி, உள்பாவாடை வைத்து விற்கிறாள். கொள்முதலை முடித்த கையோடு கொங்கு நாட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி உண்டு, வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

ஆப்பில் 1,450 ரூபாய் கட்டி ரூம் போட்டிருந்தோம். ஜன சதாப்தியை விட்டு இறங்கி ஆட்டோவில் போய்ச் சேர்ந்தால், முன்மேஜையில் இருந்த பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரூமெல்லாம் ஃபுல்லுங்க, பின்னாடி சந்துல நம்ம பில்டிங் இன்னொண்ணு இருக்குதுங்க, அங்க தர்றனுங்க" என்றான். சந்தில் விளக்கில்லை. தரைத்தள அறை, ஜன்னல் நேரே அந்தச் சந்துக்குள் திறக்கிறது, போதாக்குறைக்குப் பக்கத்து அறைக்குப் போக நடுவில் ஒரு கதவு வேறு, அதன் தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருக்கிறது.

சித்தி எந்த ரூமுக்குள் போனாலும் மெத்தையைப் பார்க்கமாட்டாள், பாத்ரூமைப் பார்க்கமாட்டாள். கதவைச் சாத்தி உள் தாழ்ப்பாளைப் போட்டுக் கைப்பிடியைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுப்பாள். இங்கே இரண்டாவது இழுப்பில் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. நாலு திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான், அதுவும் வளைந்து கிடந்தது. சட்டத்தில் மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்த இடத்தை மக்கு வைத்து அடைத்து மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். அதாவது இந்தக் கதவை இதற்கு முன்னால் யாரோ வெளியிலிருந்து தள்ளித் திறந்திருக்கிறார்கள். சித்தி தாழ்ப்பாளைக் கொண்டுபோய் அந்தப் பையனின் மேஜையில் வைத்தாள். "தம்பி, இது உங்களுது."

பணத்தைக் கேட்டால் ஆப்பில் கேட்கச் சொல்கிறான். ஆப்பில் கேட்டால் ஓட்டலில் கேட்கச் சொல்கிறார்கள். கடைசியில் 3 நாளில் வரும் என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பார்ப்போம்.

நல்லவேளை ஆட்டோக்காரர் போகாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க்கா, செட் ஆகலீங்களா?" என்று அவரே பெட்டியை வாங்கிக்கொண்டார். அடுத்து அவர் கூட்டிப்போன லாட்ஜில் "லேடீஸ் மட்டும் வந்தா ரூம் தர்றதில்லீங்க" என்று சொல்லிவிட்டார்கள். தன்னையும் லேடீஸ் கணக்கில் சேர்த்ததில் சித்திக்கு உள்ளூரச் சந்தோஷம். எனக்குத்தான் எரிச்சல். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதையே எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது, அந்த வழக்கே கோயம்புத்தூரில் சீல் வைக்கப்பட்ட ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட் பற்றியதுதான். அப்படியிருக்க ஒரு சித்தியும் அக்கா மகளும் தங்குவதற்கு என்ன தடையாம்? ராத்திரி பத்து மணிக்கு யாரிடம் போய் இதை வாதாடுவது.

கடைசியாகக் கிடைத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பழைய லாட்ஜ். 800 ரூபாய், சுவரில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது, டிவி இருக்கிறது ஆனால் ஓடாது. நடத்துகிற பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பேரேடு மாதிரி ஒரு நோட்டைத் திறந்து, எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம், என்ன வேலை எல்லாம் கேட்டு எழுதினார். ஆதார் கேட்டார். முதல் 8 எண்களை மறைத்துக் கடைசி 4 மட்டும் தெரிகிற ஆதாரை, ஆதார் வழங்குகிற யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், நான் அதைத்தான் கையில் வைத்திருப்பேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். "நம்பரையே காணோமுங்களே?" விளக்கிச் சொன்னதும், "அட, இது நல்லாருக்குதே, எம் பேத்திகிட்டச் சொல்லி எனக்கும் ஒண்ணு எடுக்கோணும்" என்றார்.

ரூம் எண்ணை அவர் வாயால் சொல்லவில்லை. பக்கத்தில் நாலு ஆண்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். சாவியை மட்டும் கையில் கொடுத்து, "மொத மாடிங்க, படியேறுனதும்" என்றார். பெரிய ஓட்டல்களில் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுக்கிற விஷயம், இவர் சும்மா செய்கிறார்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. பதினொரு மணிக்குக் கீழே இரும்புக் கிரில்லை இழுத்துப் பூட்டிவிடுவாராம். திருடனுக்குச் சரி, தீப்பிடித்தால்? கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியைத் தூக்கிக் காட்டி, "நானு இந்தக் கிரில்லுக்குப் பக்கத்துலயே கட்டலப் போட்டுப் படுத்திருப்பனுங்க. பொறத்தால இன்னொரு படி இருக்குது, வாங்க காட்டறேன்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறி வந்து காட்டினார். எங்கள் கதவிலிருந்து அந்தப் படிக்கு நாலு கதவு. எங்கே தங்கினாலும் இதை எண்ணி வைத்துக்கொள்வது என் பழக்கம். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, கையால் சுவரைத் தடவிக்கொண்டு, புகை மேலேதான் நிற்கும் என்பதால் தவழ்ந்து போகவேண்டியிருக்கும், அப்போது எண்ணிக்கைதான் உதவும்.

தாழ்ப்பாள்? பழைய காலத்துப் பித்தளை. சித்தி இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஜனவரி 21, செவ்வாய் – ஈரோடு, கவுந்தப்பாடி, கோபி

விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போய்விட்டோம். சித்தி பேரம் பேசுவதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும். மூட்டைகளைப் பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டு, மத்தியானம் ஒரு மெஸ்ஸில் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டோம். தக்காளி கிடையாது, மசாலா அதிகம் கிடையாது, வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொரு தட்டு கேட்டோம். 160 ரூபாய்.

பவானி கூடுதுறைக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. அங்கே ஒரு முழுக்கு. அங்கிருந்து கவுந்தப்பாடி. பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை இந்த ஊரிலிருந்துதான் போகிறது என்று தெரிந்ததும் சித்தி பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். 5 கிலோ. வேண்டாம் என்று சொன்னேன், தூக்குவது நான்தானே. வழியெல்லாம் பழனிக்கு நடந்து போகிறவர்கள், பச்சை வேட்டி, தோளில் துண்டு, தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனாலும் கிளம்பிவிட்டார்கள். ராத்திரிக்கு அவர்கள் எங்கே தங்குவார்கள் என்று கேட்டேன். கல்யாண மண்டபம், கோயில் வாசல், தோட்டத்துக்காரர் வீட்டுத் திண்ணை, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. கும்பலாகப் போகிறவர்களுக்குத் தாழ்ப்பாள் தேவையில்லை போலிருக்கிறது.

ராத்திரித் தங்கல் கோபிச்செட்டிபாளையத்தைத் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில். தென்னை, மஞ்சள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நெல். ஒரு அம்மாவும் மகனும் மருமகளும் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார்கள், சாப்பாட்டோடு ஆளுக்கு 1,200. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். அறைக் கதவு எண்ணையும் வீட்டு முகப்பையும் படம் எடுத்து, இருக்கும் இடத்தையும் சேர்த்து ஊரில் இருக்கிற என் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன். "கோழி அடிச்சாங்களா?" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் அவர் கவலை.

கோழி இல்லை. சந்தகை, தேங்காய்ப்பால், கூடவே கொள்ளுப் பருப்பும் ரசமும். அந்த ஆத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னுஞ்சித்தெப் போட்டுக்கோ கண்ணு, ஒறம்பரைக்கு வந்துட்டுக் கூச்சப்படலாமா" என்று வட்டலில் வைத்துக்கொண்டே இருந்தார். காசு கொடுத்துத் தங்குகிறோம் என்பது எனக்கே மறந்துவிட்டது.

சண்டை வந்தது படுக்கும்போது. சித்திக்கு முதுகு வலி, கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது, தரையில் ஜமுக்காளம் விரித்தால்தான் சரிப்படும். விரித்தும்விட்டாள். பால் கொண்டுவந்த ஆத்தா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கீழ படுக்கப்புடாதுங்க."

"எனக்குப் பழக்கம்தாங்க."

"உங்களுக்குப் பழக்கமுங்க. அதுக்குத் தெரியோணுமில்ல."

அது என்றால் கட்டுவிரியன். ராத்திரியில் பேர் சொல்லக்கூடாது என்று "பூச்சி" என்றே சொன்னார். ராத்திரியில்தான் நடமாடும், எலியைத் தேடி வீட்டுக்குள் வரும், தரையில் தூங்குகிறவர் புரண்டால் கடிக்கும். கடிபட்டது பல நேரம் தெரியவே தெரியாது, வலி அவ்வளவு குறைவு. விடியும்போது வயிற்று வலி, கண் இமை தூக்க முடியாமல் சரிவது, அப்புறம் மூச்சு. அவர் கொழுந்தனாருக்கு அப்படித்தான் ஆனதாம். உடனே கோபி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் பிழைத்தார். வாயை வைத்து உறிஞ்சுவதும் இறுக்கிக் கயிறு கட்டுவதும் கத்தியால் கீறுவதும் கூடவே கூடாது, காலை ஆட்டாமல் 108-ஐக் கூப்பிட்டுப் போய் விஷமுறிவு மருந்து ஏற்றவேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

சித்தி மறுபேச்சுப் பேசாமல் கட்டிலில் ஏறிவிட்டாள். என் வாழ்நாளில் முதல் தடவை. ஆத்தா கொசுவலையைப் போட்டு, நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் அழுத்திச் செருகி, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடச் சொன்னார். கக்கூஸ் பொடக்காளியில், அதாவது வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, அதனால் தலைமாட்டில் ஒரு டார்ச்சும் ஒரு குச்சியும். "போறப்ப தட்டிக்கிட்டே போங்க. செருப்பத் தொடறதுக்கு முந்தி ஒருக்கா ஒதறிப்போடுங்க." கதவுக்குக் கீழே அரை அங்குல இடைவெளியில் ஒரு பழைய சேலையைச் சுருட்டி வைத்தார். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்கு அதை யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 22, புதன் – கொடிவேரி, கோயம்புத்தூர்

கொடிவேரியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. குளித்துவிட்டு வந்து பொரித்த மீன். ஒரு தட்டு 100. குரங்குகள் சித்தியின் நாட்டுச் சர்க்கரைப் பையைக் குறிவைத்து அரை மணி நேரம் சுற்றின. சாயங்காலம் கோயம்புத்தூர்.

பயணத்திலேயே காசு அதிகம் போன ரூம் இதுதான், 2,600. சர்வீஸ் அப்பார்ட்மென்ட், கண்ணாடிக் கதவு, வெள்ளை விரிப்பு, நல்ல காபி. கதவில் சாவி கிடையாது, எண்களை அழுத்தித் திறக்கிற பூட்டு. எண் வாட்ஸாப்பில் வந்தது: எங்கள் அறை எண், பின்னால் ஒரு சைபர். அப்படியென்றால் எதிர் அறைக்காரருக்கு என்ன எண் என்று நானே சொல்லிவிடுவேன், அவரும் எங்களுடையதைச் சொல்லிவிடுவார். உள்ளே தாழ்ப்பாள் என்ற சாமானே இல்லை. கேட்டால், "இது ஸ்மார்ட் லாக் மேடம்" என்று பதில். எண்ணை மாற்றித்தரச் சொன்னேன். மேனேஜர் காலையில்தான் வருவார்.

சித்தி தன் வேலையைக் காட்டினாள். கதவின் நீட்டுக் கைப்பிடிமேல் எவர்சில்வர் டம்ளர், அதற்குள் இரண்டு ஸ்பூன், கீழே வெறும் டைல்ஸ் தரை. கைப்பிடி அசைந்தால் ஊரே எழுந்துகொள்ளும். நான் என் பங்குக்கு, எங்காவது கேமரா ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை மெதுவாகச் சுற்றினேன். புகை உணர்கருவி, கடிகாரம், டிவிக்குக் கீழே இருக்கிற பெட்டி, யாரும் கேட்காமலே பிளக்கில் செருகியிருக்கிற சார்ஜர், பாத்ரூமில் கண்ணாடிக்கு மேலே. லென்ஸ் இருந்தால் சின்னப் புள்ளியாகத் திருப்பி மினுக்கும். கண்ணாடியில் விரலை வைத்துப் பார்க்கிற சோதனை வாட்ஸாப்பில் சுற்றுகிறது, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அப்படி ஏதாவது கிடைத்தால் தொடாமல் படம் எடுத்துவிட்டு 112-ஐக் கூப்பிடவேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. இங்கே ஒன்றும் இல்லை. சார்ஜர் வெறும் சார்ஜர்தான், முன்னால் தங்கியவர் மறந்துவிட்டுப் போனது.

பதினொன்றே காலுக்குக் கதவு தட்டுகிற சத்தம். "ரூம் சர்வீஸ்." நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே "இருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போன் போட்டேன். பிரியாணி வேறு அறைக்காம், மாடி மாறி வந்திருக்கிறான் பையன். பாவம், நிஜமான பிரியாணிதான், வாசனை வந்தது. அவன் அவசரத்தில் கைப்பிடியைத் தொட்டிருக்கவேண்டும், டம்ளர் விழுந்து உருண்டு, பக்கத்து அறையில் யாரோ "என்னாச்சுங்க?" என்று வெளியே வந்துவிட்டார்கள். சித்திக்கு அப்புறம் தூக்கம் வர ஒரு மணி ஆனது. பெருமையில்.

ஜனவரி 23, வியாழன் – வால்பாறை

பொள்ளாச்சியிலிருந்து பஸ். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு, சித்தி எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. வழியில் ஒரு வளைவில் வரையாடு நின்றதைப் பஸ்ஸே எட்டிப் பார்த்தது, அவள் மட்டும் கண்ணை மூடியிருந்தாள்.

காட்டேஜ் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில். பார்த்துக்கொள்கிற அண்ணன் எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். உள்ளே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிடற சாமான் என்னென்ன வெச்சிருக்கீங்க?" சித்தி பெருமையாக நாட்டுச் சர்க்கரையை எடுத்துக் காட்டினாள். கூடவே கோபியிலிருந்து வாங்கி வந்த ஒரு சீப்பு வாழைப்பழமும். அண்ணன் முகம் மாறிவிட்டது.

"இத ரூம்ல வெச்சிட்டுப் படுத்தீங்கன்னா ஆனை ஜன்னலோட சேத்து எடுத்துட்டுப் போயிரும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் அரிசிக்காக யானை உடைப்பது புதிதில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்ச் சாலையோரத்துக் கான்கிரீட் வீட்டில், தன் பெட்டி அறையில் வைத்துப் பூட்டினார். சித்திக்கு அதில் சந்தேகம், எடை போட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

பொழுது சாய்ந்த பிறகு வெளியே கால் வைக்கக்கூடாது, வாசலில் நின்று போன் பேசக்கூடாது, புதரோரம் சிறுத்தை நிற்கும். தூரத்துச் சாலை முக்கில் ஒரு விளக்கைக் காட்டினார். யானைக் கூட்டம் பக்கத்தில் இருந்தால் அது சிவப்பாக எரியும், ஊர்க்காரர்களுக்குச் செல்போனில் குறுஞ்செய்தியும் வரும். எரிந்தால் கதவைத் திறக்கவேண்டாம். அன்று எரியவில்லை. நான் பத்துத் தடவையாவது திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன்.

குளிர் ஏழு மணிக்கே பல்லைக் கிட்டவைத்தது. எட்டு மணிக்கு அண்ணன் ஒரு இரும்புச் சட்டி நிறையக் கனிந்த கரியோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். புகையே இல்லை, சிவந்து அழகாக இருந்தது. சித்தி கையை நீட்டிவிட்டாள், "மகராசனா இரு தம்பி." நான் வெளியே எடுத்துப் போகச் சொன்னேன். இரண்டு பேருக்கும் என்மேல் கோபம்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படித்தான், அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய திருச்சிப் பக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் சொக்கும், குளிர்காலத்தில் அதைச் சுகம் என்றுதான் நினைப்போம். புகை இல்லாத கரி ஆபத்தில்லை என்பது தப்பு, கனிந்த கரியிலிருந்தும் இது வந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னலை இறுக்கி மூடிய பாத்ரூமில் கேஸ் கீசர் ஓடினாலும் இதே கதைதான்.

அண்ணன் சட்டியைத் தூக்கிக்கொண்டு, "எல்லா கெஸ்ட்டும் கேப்பாங்க மேடம், அதான்" என்றார். அவர் வீட்டிலும் ராத்திரி இப்படித்தான் வைப்பார்களாம், சின்னக் குழந்தை இருக்கிறது. வாசல் படியில் நின்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் இரண்டு கம்பளியும் ஒரு வெந்நீர்ப் பையும் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி முழுக்க யாரும் நடக்காத தகரக் கூரையில் யாரோ நடந்தார்கள். குரங்கு என்று காலையில் சொன்னார்.

ஈரோட்டுப் பணம் வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி – கோயம்புத்தூர் ஜங்ஷன்

நாட்டுச் சர்க்கரை எடை சரியாக இருந்தது. இறங்கும்போது வளைவுகள் இன்னும் மோசம். பொள்ளாச்சியில் இளநீர் 40 ரூபாய், குடித்த பிறகுதான் சித்திக்குப் பேச்சு வந்தது.

நாளைக் காலையில் ரயில், அதனால் ஸ்டேஷன் ஓய்வறையிலேயே போட்டுவிட்டோம். உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் இருந்தால் ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம். உயரமான கூரை, கனத்த கதவு, நிமிடத்துக்கு ஒரு அறிவிப்பு. வெளியே ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம், போலீஸ் நடமாட்டம். பெண்கள் தனியாக அகாலத்தில் வந்து இறங்கினால் சந்து சந்தாக ரூம் தேடுவதற்கு இது எவ்வளவோ மேல். சாப்பாட்டுக்கு வெளியே போய் அரிசியும் பருப்பும் சாதம் வாங்கி வந்தோம், நெய் தனியாக ஊற்றிக் கொடுத்தார்கள், 70 ரூபாய், கோபி ஆத்தா கைப்பக்குவம் இல்லை.

இப்போது சித்தப்பா போன் பண்ணினார். செவ்வாய்க்கிழமை ஈரோட்டில் போட்ட பார்சல் மயிலாடுதுறைக்கு வந்து சேர்ந்துவிட்டதாம், ஒரு மூட்டை குறைகிறதாம். சித்தி ரசீதை எடுத்துக் கட்டில்மேல் பரப்பி வைத்துக்கொண்டு பார்சல் ஆபீஸ்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்டேஷன் அறிவிப்பே அடங்கிப்போய்விட்டது.